மரண அறிவித்தலில் அம்மாவுக்கும் நான்கு வரிகள் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் பத்திரிகையின் மரண அறிவித்தல் பக்கத்தையும், ஞாயிற்றுக்கிழமைகளில் வெளிவரும் நினைவஞ்சலிப் பக்கங்களையும் பற்றி ஒரு வேண்டுகோளை முன்வைக்கவே இக்கடிதத்தை எழுதுகிறேன். 2024 வைகாசி மாதத்தில் என் தாயார் தமது 86 ஆவது வயதில் கொழும்பு வெள்ளவத்தையில் காலமானார். அவரது மரண அறிவித்தலைத் தாங்கள் பிழையேதுமின்றி, கேட்ட நாளிலேயே, தெளிவான புகைப்படத்துடன் வெளியிட்டீர்கள். அதற்காக எங்கள் குடும்பம் நன்றியுடையது. ஆகவே நான் எழுத வந்தது ஒரு முறைப்பாடு அன்று. நம் பத்திரிகைகள் எல்லாமே நெடுங்காலமாகக் கையாண்டுவரும் ஒரு வாய்பாட்டில் சிறியதொரு இடம் கேட்கிறேன்.

அந்த வாய்பாடு வாசகர் எல்லோருக்கும் மனப்பாடம். இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன இடத்தை வதிவிடமாகவும் கொண்ட திருமதி இன்னார் இன்ன திகதியன்று இறைபதம் எய்தினார் என்று அது தொடங்கும். அன்னார் காலஞ்சென்ற இன்னார் தம்பதியரின் அருமை மகளும், காலஞ்சென்ற இன்னாரின் அன்பு மனைவியும், லண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருக்கும் இன்னின்னாரின் பாசமிகு தாயாரும், இன்னின்னாரின் மாமியாரும், மைத்துனியும், பேத்தியும், பூட்டியும் ஆவார் என்று உறவுகள் வரிசையாக வரும். பூதவுடல் எந்த மலர்ச்சாலையில் எத்தனை மணி முதல் பார்வைக்கு வைக்கப்படும், பொரளை கனத்தை மயானத்துக்கு எப்போது எடுத்துச் செல்லப்படும் என்ற விபரத்தோடும், தகவல் தருவோரின் தொலைபேசி இலக்கங்களோடும் அறிவித்தல் முடிந்துவிடும்.

இறந்தவர் ஆணாக இருந்தால் இடையில் ஒரு சொற்றொடர் கூடுதலாக இருக்கும். முன்னாள் புகையிரத நிலைய அதிபர், ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், செட்டியார் தெரு வர்த்தகர் என்று அவர் செய்த தொழில் சொல்லப்படும். பெண்களிலும் ஆசிரியையாகவோ தாதியாகவோ பணியாற்றி ஓய்வூதியம் பெற்றவர்களுக்கு அந்தச் சொற்றொடர் கிடைக்கிறது. வீட்டிலிருந்து ஒரு குடும்பத்தையும் அதற்கு வெளியே ஓர் ஒழுங்கையையும் தாங்கிய பெண்ணுக்கும், மலையகத்தில் வாழ்நாளெல்லாம் கொழுந்து பறித்துப் பிள்ளைகளைக் கொழும்புக்குப் படிக்க அனுப்பிய தாய்க்கும் அது கிடைப்பதில்லை. அவர்கள் யாருக்கு மகள், யாருக்கு மனைவி, யாருக்குத் தாய் என்பதை மட்டும் நாம் அச்சிடுகிறோம்.

உறவு முறைகளைச் சொல்வது வீண் என்று நான் கருதவில்லை. நம் சனங்கள் சிதறிப்போன விதத்தை அறிந்தவர் எவரும் அப்படிச் சொல்ல மாட்டார். போரினால் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை அடைபட்டு, யாழ்தேவி ரயில் வவுனியாவோடு நின்றுவிட்ட காலத்தில், யாருடைய யார் போனார் என்பதைக் கொழும்பிலிருந்தவர்கள் அறிந்துகொள்ளப் பத்திரிகையின் இந்தப் பக்கமும் இலங்கை வானொலி வாசித்த மரண அறிவித்தல்களுமே துணையாக இருந்தன. என் தாயார் பத்திரிகையை விரித்தால் முதலில் இந்தப் பக்கத்தைத்தான் பார்ப்பார். அரசியல் செய்திக்கு அவசரமில்லை, அது நாளைக்கும் இப்படியேதான் இருக்கும் என்பார். ஊர்ப் பெயரைப் பார்ப்பார். பிறகு 'காலஞ்சென்ற' என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் பெயர்களைப் பார்ப்பார். வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டுவிட்டு, இது எங்கள் பள்ளிக்கூடத்தில் எனக்கு இரண்டு வகுப்பு மேலே படித்தவரின் தங்கை என்று சொல்லி, மாலையில் எந்த பஸ்ஸில் போவது என்று விசாரிக்கத் தொடங்குவார். துக்க வீட்டுக்குப் போகாதவருக்குக் கலியாண வீட்டுக்குப் போக முகம் இராது என்பது அவர் கொள்கை.

அந்தப் பக்கத்தை அவ்வளவு கவனமாக வாசித்தவர் என்பதாலோ என்னவோ, அதில் இல்லாதது எது என்பதும் அவருக்கே முதலில் தெரிந்தது. அவருடைய மூத்த சகோதரி, என் பெரியம்மா, யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மராட்சியில் வாழ்க்கைப்பட்டவர். 1995 ஒக்டோபர் 30 ஆந் திகதி, போர் நெருங்கியதால், குடாநாட்டின் மேற்கிலுள்ள வலிகாமம் முழுவதும் ஓரிரவில் வெளியேறி, பல இலட்சம் சனங்கள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குள் வந்து சேர்ந்தபோது, அவருடைய வளவு நிறைய ஆட்கள் வந்து தங்கினார்கள். அதற்குச் சில ஆண்டுகளின் பின் அவர் இறந்தார். செய்தி கப்பலில் வந்த ஒரு கடிதத்தில், எட்டாம் நாட் சடங்கான எட்டுச் செலவும் முடிந்த பின்னரே எங்களுக்குக் கிடைத்தது. அம்மா கடிதத்தை மடித்து வைத்துவிட்டுப் போய் முழுகினார். ஈரத்தலையோடு வந்து இருந்து, பத்திரிகைக்கு அறிவித்தல் எழுத வேண்டும், கொப்பியை எடு என்றார். உறவு முறையெல்லாம் சொல்லி முடித்த பிறகு, இன்னும் ஒரு வசனம் இருக்கிறது, அதையும் எழுது என்றார்: '1995 இடப்பெயர்வின்போது தமது வீட்டுக் கிணற்றையும் வளவையும் வந்தவர்கள் எல்லோருக்கும் திறந்துவிட்டவர்.' வாய்பாட்டில் இல்லாத அந்த வசனமும் அப்படியே அச்சில் வந்தது.

அது வெளிவந்த கிழமையில் எங்கள் வீட்டுக்கு முன்பின் தெரியாதவர்கள் வந்தார்கள். வெளிநாடு போவதற்காகவோ வேறு அலுவல்களுக்காகவோ வடக்கிலிருந்து வந்து, வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் லொட்ஜுகளில் தங்கியிருந்தவர்கள் அவர்கள். பொலிஸ் பதிவும் சோதனைச் சாவடியும் இருந்த அந்தக் காலத்தில், ஓர் அலுவலும் இல்லாமல் தெருவில் இறங்குவதற்கே ஆட்கள் யோசிப்பார்கள். அவர்களில் ஓர் இளம் தாய் வாசலில் நின்றபடியே சொன்னது இன்றும் என் காதில் இருக்கிறது. "அந்தக் கிணத்துத் தண்ணியிலதான் நான் பிள்ளைக்குப் பால்மா கரைச்சுக் குடுத்தனான். அந்த ஆச்சியின்ர பேர் எனக்கு இண்டைக்குத்தான் தெரியும்." பெயரையும் உறவு முறையையும் மட்டும் அச்சிட்டிருந்தால் அந்தப் பெண்ணுக்கு அது யாருடைய மரணம் என்றே விளங்கியிராது. ஓர் அறிவித்தல் சென்றடைய வேண்டிய எல்லோரையும் சென்றடைய, இறந்தவர் செய்ததையும் சொல்ல வேண்டும் என்பதற்கு எனக்கு வேறு சான்று தேவைப்படவில்லை.

என் தாயாரின் விடயத்தில் இதற்கு நேர்மாறாக நடந்தது. அவரது அறிவித்தல் முழுப் பெயருடனும் அப்பாவின் பெயருடனும் முறைப்படி வெளிவந்தது. ஆனால் நாங்கள் குடியிருந்த ஒழுங்கையிலும் அதைச் சுற்றியும் அவரை அந்தப் பெயரால் அறிந்தவர்கள் மிகச் சிலர். மற்றவர்களுக்கு அவர் 'தையல் அன்ரி'. முப்பத்தோராம் நாட் சடங்கான அந்தியேட்டிக்கு வந்திருந்த நடுத்தர வயதுப் பெண்மணி ஒருவர், பேப்பரில் பார்த்தேன், இவராக இருக்கும் என்று நினைக்கவேயில்லை, புகைப்படமும் வேறு மாதிரி இருந்தது என்று சொல்லி அழுதார். எங்களிடம் இருந்த நல்ல படம் ஒரு கலியாண வீட்டில் எடுத்தது. அவர் அறிந்த தையல் அன்ரியோ மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, அளவு நாடாவைக் கழுத்தில் போட்டிருப்பவர்.

பிள்ளைகள் தாயைப் பற்றி எழுதத் தொடங்கினால் புகழ்ச்சி பெருகிவிடும் என்று தாங்கள் தயங்கலாம். என்ன மாதிரியான செய்திகளை நான் கேட்கிறேன் என்பது தெளிவாக வேண்டும் என்பதற்காக, என் தாயாரைப் பற்றிச் சிலவற்றை மட்டும் இங்கே சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

அவர் 1960 இல் மணமுடித்துக் கொழும்புக்கு வந்தார். அப்பா அரச எழுதுவினைஞர். 1956 இல் நிறைவேறிய தனிச் சிங்களச் சட்டம் 1961 இன் தொடக்கத்திலிருந்து முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, சிங்களத் தேர்ச்சிப் பரீட்சையில் சித்தியடையாமல் சம்பள உயர்வு இல்லை என்ற நெருக்கடி அப்பாவைப் போன்ற பலருக்கும் ஏற்பட்டது. அப்பா மானத்துக்கும் மாதச் சம்பளத்துக்கும் இடையில் நின்று புழுங்கிக்கொண்டிருக்க, அம்மா வெள்ளவத்தைச் சந்தையில் மரக்கறி விற்கும் பெண்களிடமும், வாடகைக்கு இருந்த இணைப்பு வீடான அனெக்ஸின் சொந்தக்காரியிடமும் பேசிப் பேசியே அந்த மொழியைப் பிடித்துக்கொண்டார். எழுத்து அப்பாவுக்கு வந்தது; பேச்சு அம்மாவுக்கு வந்தது. இராச் சாப்பாடு முடிந்த பிறகு அம்மா வசனம் வசனமாகச் சொல்ல, அப்பா சொல்வதெழுதுவார். அவர் சித்தியடைந்த பரீட்சைப் பெறுபேற்றில் யாருடைய பெயர் இருந்திருக்க வேண்டும் என்று எங்கள் வீட்டில் பிற்காலத்தில் பகிடி விடுவதுண்டு. அந்தச் சட்டம் செய்த அநியாயம் ஒரு புறம் இருக்கட்டும்; பேசப் பழகிய மொழியால் அம்மாவுக்குக் கிடைத்த மனிதர்கள் வாழ்நாள் முழுவதும் கூட இருந்தார்கள்.

1970 களில் பாணுக்கு வரிசையும், அரிசிக்குக் கூப்பனும், ஊரிலிருந்து அரிசி கொண்டுவரக் கட்டுப்பாடும் இருந்தன. இறக்குமதி நின்றுபோனதால் யாழ்ப்பாணத்துச் செத்தல் மிளகாய்க்கும் வெங்காயத்துக்கும் அப்போது நல்ல விலை. தோட்டம் செய்த மாமா யாழ்தேவியில் யாரிடமாவது கொடுத்து அனுப்பும் செத்தல் மிளகாய்ப் பையை அம்மா அடுக்களைக்குள் கொண்டுபோக மாட்டார். விறாந்தையிலேயே பழைய பத்திரிகைத் தாளில் பங்கு பிரித்து, அயலில் இருந்த வீடுகளுக்கு எங்கள் கையில் கொடுத்து விடுவார். திரும்பி வரும்போது எங்கள் கையில் சீனியோ, தேங்காயோ, ஒரு கொத்து மாவோ இருக்கும். அவ்வளவு தட்டுப்பாட்டிலும் மரவள்ளிக்கிழங்கு அவிக்கும் நாளில் பானையை மூடக் கூடாது, இஞ்சி தொடவே கூடாது என்ற சட்டம் மட்டும் எங்கள் வீட்டில் தளர்ந்ததில்லை.

அப்பா 1981 இல் மாரடைப்பால் இறந்தார். விதவைகள் ஓய்வூதியம் வாடகைக்கே சரியாக இருந்தது. கலியாணத்துக்குச் சீதனமாக வந்த சிங்கர் தையல் இயந்திரம் அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தின் உழைப்பாளி ஆனது. இரண்டு ஆண்டுகளுக்குள், தமிழருக்கு எதிரான 1983 ஜூலைக் கலவரம் வந்தது. அதைப் பற்றித் தங்கள் பத்திரிகையில் நிறையவே எழுதப்பட்டுவிட்டது. எங்கள் வீடு எரிந்த கதை மற்றவர்களின் கதையிலிருந்து பெரிதும் வேறுபட்டதன்று. முகாமிலிருந்து கப்பலில் காங்கேசன்துறைக்குப் போய், ஊரில் சில காலம் இருந்துவிட்டு, எங்கள் படிப்புக்காக அம்மா மீண்டும் கொழும்புக்கே வந்தார். எரிந்த வீட்டுக்குள் தையல் இயந்திரத்தின் இரும்புக் கால்கள் மட்டும் துருவேறிக் கிடந்தன. இயந்திரத்தின் தலைப்பகுதி எதிர்வீட்டில் இருந்தது. அந்த வீட்டுச் சிங்களப் பெண்மணி, தெருமுனையில் கூச்சல் கேட்டவுடனேயே உள்ளே ஓடி, அதைக் கழற்றித் தூக்கிப் போய்த் தன் வீட்டு அரிசிப் பெட்டிக்குப் பின்னால் சாக்குப் போட்டு மூடி வைத்திருந்தார். இடுப்பு நோவுக்காரியான அவர் அந்தப் பாரத்தை எப்படித் தூக்கினார் என்று அம்மா கடைசி வரையும் வியந்துகொண்டிருந்தார். ஒரு தச்சரைப் பிடித்துப் புதிய பலகை போட்டு, பழைய கால்களில் அதை ஏற்றி, மறுபடியும் தைக்கத் தொடங்கினார்.

1993 முதல் அரசாங்கம் பாடசாலைப் பிள்ளைகளுக்கு இலவசச் சீருடைத் துணி வழங்கத் தொடங்கியது பலருக்கு நினைவிருக்கும். துணி இலவசம், தையற்கூலி இலவசம் அல்ல. ஒவ்வோர் ஆண்டும் புதிய தவணை தொடங்குவதற்கு முன், மூன்று நாலு பிள்ளைகள் உள்ள வீடுகளில் அந்தக் கூலியே பெரிய தொகையாகிவிடும். அம்மா அந்த நாட்களில் சாறிச் சட்டை ஓடர்களை ஒதுக்கி வைத்துவிட்டு, இலவசத் துணியோடு வருபவர்களிடம் நூலுக்கும் பொத்தானுக்கும் உள்ள காசை மட்டும் வாங்கிக்கொண்டு தைத்துக் கொடுத்தார். தமிழ்ப் பிள்ளை, சிங்களப் பிள்ளை, முஸ்லிம் பிள்ளை என்ற கணக்கு அதில் இல்லை. தைக்கும் முறையிலும் ஒரு கணக்கு வைத்திருந்தார். கவுனின் கீழ்மடிப்பில் நான்கு விரல் அகலத் துணியை உள்ளே விட்டு, பிரிப்பதற்கு வசதியாகப் பெரிய தையலாகக் கைத்தையல் போடுவார். அடுத்த ஆண்டு பிள்ளை வளர்ந்தவுடன் அதே கவுனைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லி, மடிப்பைப் பிரித்து இறக்கிவிடுவார். பழைய மடிப்பின் கோடு வெள்ளைத் துணியில் தெரியும் என்று பிள்ளைகள் சிணுங்குவார்கள். அதற்கும் நீலம் போட்டு அலசி, ஈரம் காயுமுன் அழுத்தி ஸ்திரிக்கை போடும்படி தாய்மாருக்குச் சொல்லி அனுப்புவார். உள்ளே துணி விடாமல் வெட்டித் தைக்கிறவன் பிள்ளை வளர்வதை விரும்பாதவன் என்று கடைத்தையற்காரரைப் பற்றி அவர் சொன்ன ஒரு கடுஞ்சொல்லும் எனக்கு நினைவிருக்கிறது. அது முழுக்க நியாயமான பேச்சு அல்ல. அவர்களும் கூலிக்கு வேலை செய்கிறவர்கள்தான். ஆனாலும் அம்மாவின் வாயை அடைக்க எங்களால் முடிந்ததில்லை.

பிள்ளை பெற்ற பெண்களுக்குப் பத்தியச் சரக்கு இடித்துக் கொடுத்ததை நான் விரித்து எழுதவில்லை. கொழும்பில் தொடர்மாடிகளில் தாய் அருகில் இல்லாமல் பிள்ளை பெற்ற எத்தனையோ பேருக்கு, மல்லியும் மிளகும் மஞ்சளும் வறுத்த மணத்தோடு ஒரு போத்தல் எங்கள் வீட்டிலிருந்து போயிருக்கிறது. நான் என் மகளைப் பெற்றபோது எனக்குச் செய்ததையே அம்மா அவர்களுக்கும் செய்தார். எனக்கு மட்டும் கொஞ்சம் ஏச்சும் சேர்த்துத் தந்தார்.

என் மூன்று சகோதரர்களும் அவரது மரணச் சடங்கை லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து நேரலையில் பார்த்தார்கள். வர முடிந்த பேரப்பிள்ளைகள் பந்தம் பிடித்தார்கள். அஸ்தியை முகத்துவாரத்தில் கடலில் கரைத்தோம். முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு வழமை போல ஒரு நினைவு மலரும் அச்சிட்டோம். இந்த மலர்களைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்து வழக்கில் கல்வெட்டு என்று ஒன்று உண்டு. இறந்தவரின் குலமும் வாழ்வும் விருத்தப்பாக்களில் பாடப்பட்டு, அந்தியேட்டி நாளில் உரத்து வாசிக்கப்படும். அந்த மரபு அருமையானது. நூலகம் நிறுவனம் 2005 இலிருந்து இணையத்தில் எண்ணிமப்படுத்திச் சேர்த்துவரும் ஈழத்து ஆவணங்களுக்குள் இத்தகைய நினைவு வெளியீடுகளும் ஏராளமாக இருக்கின்றன. ஒரு மழை நாளில் அவற்றுக்குள் நுழைந்தால் பொழுது போவதே தெரியாது. ஆனால் பெண்களுக்குப் பாடப்பட்ட கல்வெட்டுகள் பலவற்றை அடுத்தடுத்து வாசித்தால், எல்லோரும் கற்பில் அருந்ததியாகவும் பொறுமையில் பூமாதேவியாகவும் இருந்திருக்கிறார்கள். யார் எதைச் செய்தார் என்பதைத் தேடி எடுக்க வேண்டியிருக்கிறது. ஞாயிறு நினைவஞ்சலிகளில் வரும் 'ஆண்டுகள் பல சென்றாலும் ஆறாது உம் நினைவு' என்ற வகை வரிகளும் அப்படித்தான். பெயரை மாற்றி அடுத்த கட்டத்துக்குள் வைத்தாலும் பொருந்திவிடும். எழுதிய பிள்ளையின் துக்கம் பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தத் துக்கத்துக்கு உரிய ஆள் அந்த வரிகளில் இல்லை.

2025 மே மாதத்தில் இந்த எண்ணம் எனக்கு இன்னும் வலுத்தது. மே 11 ஆந் திகதி ஞாயிற்றுக்கிழமை அன்னையர் தினம். மறுநாள் 12 ஆந் திகதி சித்திரா பௌர்ணமி. வெசாக் போயாவும் அன்றே. தாயை இழந்த பிள்ளைகள் சித்திரா பௌர்ணமியிலும், தந்தையை இழந்தவர்கள் ஆடி அமாவாசையிலும் விரதம் இருப்பது நம் சைவ வழக்கம். அது எனக்கு முதலாவது சித்திரா பௌர்ணமி விரதம். கோயிலில் மோட்ச அருச்சனைக்காகக் கொடுத்த துண்டில் தாயாரின் பெயரும் நட்சத்திரமும் எழுதினேன். சுவாமிக்கு அதற்கு மேல் எழுதிக் கொடுக்கத் தேவையில்லை, மனிதருக்குத் தேவை.

அன்னையர் தினத்தைக் கடைக்காரர்களின் தினம் என்று நம்மில் பலர் ஒதுக்குவதுண்டு. நானும் அதில் பெரிய மதிப்பு வைத்திருந்தவள் அல்லள். ஆனால் அதன் தொடக்கம் வேறு. அமெரிக்காவில் மேற்கு வேர்ஜினியாவைச் சேர்ந்த அன்னா ஜார்விஸ், 1905 இல் இறந்த தம் தாயின் நினைவாகவே 1908 மே மாதத்தில் கிராஃப்டன் என்ற ஊரின் தேவாலயத்தில் முதலாவது அன்னையர் தின வழிபாட்டை ஒழுங்குசெய்தார். அந்தத் தாய் தம் ஊர்ப் பெண்களைச் சேர்த்துக் கழகங்கள் அமைத்துச் சுகாதாரப் பணி செய்தவர். 1914 இல் அது அந்த நாட்டின் தேசிய தினமாக அறிவிக்கப்பட்ட பின், வாழ்த்து அட்டைக்காரரும் பூக்கடைக்காரரும் அதைக் கைப்பற்றிக்கொண்டதைக் கண்டு மனம் வெறுத்து, பிற்காலத்தில் அந்தத் தினத்துக்கு எதிராகவே அன்னா போராடினார். காலஞ்சென்ற ஒரு தாயை அவர் செய்த வேலையோடு சேர்த்து நினைப்பதற்காகத் தொடங்கிய நாளை நாமும் அட்டையாகவும் கேக்காகவும் மட்டும் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

ஆகவே என் வேண்டுகோள் இது. அறிவித்தலுக்காகக் கருமபீடத்தில் தரப்படும் படிவத்தில், உறவு முறைகளுக்குப் பின், 'அன்னார் செய்தவை' என்ற தலைப்பில் நான்கு வரிக்கு இடம் விட்டுத் தாருங்கள். அதற்குக் கட்டணம் வேண்டாம். அறிவித்தலின் அளவு கூடினால் விலையும் கூடும் என்பதால், வசதி குறைந்த குடும்பங்கள் பெயர்களையே குறைத்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். கட்டணம் இருந்தால் இந்த நான்கு வரிதான் முதலில் வெட்டுப்படும். பத்திரிகைத் தாளின் விலை இன்று இருக்கும் நிலையில் இது சிறு செலவல்ல என்பதை உணர்கிறேன். நாளுக்கு ஓர் அங்குல இடத்தைப் பெருநிறுவனம் எதாவது பொறுப்பேற்க முன்வரக்கூடும். அப்படி ஒருவரும் வராவிட்டாலும், வாரத்தில் ஒரு நாளேனும் இதைத் தொடங்கிப் பார்க்கலாம்.

அந்த வரிகளில் பண்புச் சொற்களை அனுமதிக்காதீர்கள். அன்பானவர், பண்பானவர், தெய்வம் போன்றவர் என்பவற்றைத் தங்கள் உதவியாசிரியர்கள் தயவுதாட்சண்யம் பாராமல் நீக்கிவிடலாம். செய்தது எது என்பது மட்டும் இருக்கட்டும். என் தாயாருக்கு என்றால் நான் இப்படி எழுதிக் கொடுத்திருப்பேன்: 'வெள்ளவத்தையில் தையல் அன்ரி என அறியப்பட்டவர். 1993 முதல் கண் மங்கும் வரை, இலவசச் சீருடைத் துணியோடு வந்த பிள்ளைகளுக்கு நூல் காசுக்கு மட்டும் தைத்துக் கொடுத்தவர். 1983 இல் எதிர்வீட்டார் காப்பாற்றிக் கொடுத்த இயந்திரத்திலேயே கடைசி வரை தைத்தவர். கணவருக்குச் சிங்களம் சொல்லிக் கொடுத்தவர்.' இவ்வளவுதான். பால்காரர், மரக்கறிக்காரி, இடம்பெயர்ந்து போன பழைய அயலார் எவர் வாசித்தாலும் ஆளைத் தெரிந்துகொள்வார்.

தாயாரைப் பற்றி வெளியில் எழுதப்படுவதை விரும்பாத குடும்பங்களும் உண்டு. அவர்கள் அந்த இடத்தை வெறுமையாக விட்டுவிடலாம். அம்மாவே இருந்திருந்தால் இந்தக் கடிதத்தைப் பார்த்து, உனக்கு வேறு வேலை இல்லையா என்றுதான் கேட்டிருப்பார். ஆனால் தம் தமக்கைக்காக வாய்பாட்டை மீறி ஒரு வசனம் சேர்க்கச் சொன்னவரும் அவரே. கொழும்பில் தேசிய சுவடிகள் திணைக்களத்தில் நம் பத்திரிகைகள் பாதுகாக்கப்பட்டு வருகின்றன. இன்னும் ஐம்பது ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் அங்கே போய், இந்த நகரில் தமிழ்ப் பெண்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று தேடினால், அமைச்சர்களின் பேச்சுகளும் கோயில் திருவிழாக்களும் கிடைக்கும். தாய்மாரைப் பற்றி மரண அறிவித்தல் பக்கத்தில்தான் தேட வேண்டியிருக்கும். அங்கே இப்போது இருப்பது உறவுப் பட்டியல்.

இன்னொன்று. கருமபீடத்துக்கு வரும் பலர் மலர்ச்சாலையிலிருந்து நேரே வருபவர்கள். நித்திரையில்லாத கண்ணோடு நிற்பவர்களிடம் தாளைக் கொடுத்து, உங்கள் அம்மா என்ன செய்தார், எழுதுங்கள் என்றால் பேனா ஓடாது. கேட்டு எழுதித் தர ஒருவர் வேண்டும். ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், எழுதுவினைஞர்கள் கொழும்பில் நிறையப் பேர் இருக்கிறோம். தாங்கள் இதைத் தொடங்குவதாக இருந்தால் சனிக்கிழமைக் காலைகளில் வந்து இருந்து எழுதிக் கொடுக்க நான் ஆயத்தமாக இருக்கிறேன். சிங்களத்தில் சொல்லுபவர்களிடமும் கேட்டுத் தமிழில் எழுத என்னால் முடியும். என் முகவரியும் தொலைபேசி இலக்கமும் தங்கள் பார்வைக்காகத் தனித்தாளில் இணைக்கப்பட்டுள்ளன. அவற்றைப் பிரசுரிக்க வேண்டாம்.

இங்ஙனம்,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை,
கொழும்பு – 06.